அடிக்குறிப்பில் ஒரு முகம்

முதுகலை மாணவர்களுக்குப் பதிப்பியல் நடத்தும்போது, ‘பாடபேதம்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதியதும் என் மனம் ஓலைச்சுவடிக்குப் போவதில்லை. வேறொரு கிரகத்து மதுக்கடைக்குப் போகிறது. தமிழ்த்துறையில் இருந்துகொண்டு ‘ஸ்டார் வார்ஸ்’ படவரிசையை ஆயுள் முழுக்க நேசிப்பதாகச் சொல்லக் கூச்சப்பட்ட காலம் உண்டு. நாற்பத்தேழு வயதில் அந்தக் கூச்சம் போய்விட்டது.

அந்தப் படங்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தது 1990இல். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா, ஒரு டெக்கும் சில கேசட்டுகளும் கொண்டுவந்தார். 1977, 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் வெளியான மூன்று படங்களும் அவற்றில் இருந்தன. எனக்குப் பதினொரு வயது. ஆங்கிலம் பாதி புரிந்தது. அப்பாவுக்கு அதுவும் இல்லை. அரிசி மில் கணக்கரான அவர் வீட்டில் அதிகம் பேசமாட்டார். பேசினால் அது பெரும்பாலும் கண்டிப்பாகவே இருக்கும். ஆனால் அந்த மூன்று இரவுகளும் என் பக்கத்தில் உட்கார்ந்து, “என்னடா சொல்றான்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் தெரிந்ததைச் சொல்லி, தெரியாததை இட்டுக்கட்டி, தமிழில் கதையை நடத்திக்கொண்டு போனேன்.

மூன்றாம் படத்தின் முடிவில், சாகும் தறுவாயிலிருக்கும் டார்த் வேடரின் முகமூடியை மகன் லூக் கழற்றுகிறான். அந்தப் பாத்திரத்துக்கு உடல் தந்தவர் டேவிட் ப்ரௌஸ், குரல் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ். முகமூடிக்கு அடியில் இருந்ததோ செபாஸ்டியன் ஷா என்ற முதிய பிரிட்டிஷ் நடிகரின் வெளுத்த, களைத்த முகம். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இந்தப் பெரியவரா இத்தனை நேரம் உள்ள இருந்தாரு?”

“ஆமாப்பா.”

கடைசிக் காட்சியில் அதே முதியவர், ஒளியுருவாக, ஓபிவானுக்கும் யோடாவுக்கும் அருகில் நின்று மகனைப் பார்க்கிறார். “இப்ப என்ன சொல்றாரு?” என்றார் அப்பா. “மன்னிச்சுக்கப்பான்னு சொல்றாரு” என்றேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து வாசலுக்குப் போனார்.

அவர் 2003இல் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2004இல் வெளியான குறுந்தகடுகளை வாங்கி, தனியே உட்கார்ந்து மூன்று படங்களையும் பார்த்தேன். முகமூடி கழலும் காட்சியில் ஷா இருந்தார். புருவங்களை மட்டும் கணினியால் அழித்திருந்தார்கள். கடைசிக் காட்சியில் அவரே இல்லை. அந்த இடத்தில், அப்போது வந்துகொண்டிருந்த முன்கதைப் படங்களில் அனாகினாக நடித்த ஹேடன் கிறிஸ்டென்சன் என்ற இளைஞர் நின்றார். ஷா 1994இலேயே இறந்துவிட்டார். ஒருவரை இரண்டாம் முறை அடக்கம் செய்தது போலிருந்தது எனக்கு.

அதன் பிறகுதான் இந்தப் படங்களின் பாடபேதங்களைத் தொகுக்கத் தொடங்கினேன். முதல் படம் 1977இல் வந்தபோது தொடக்க எழுத்துகளில் ‘நான்காம் பாகம்’ என்ற குறிப்பே இல்லை. 1981 மறுவெளியீட்டில்தான் அது சேர்ந்தது. மதுக்கடைக் காட்சியில், தன்னைப் பிடிக்க வந்த கிரீடோவை ஹான் சோலோ முந்திக்கொண்டு சுட்டுவிடுகிறான். 1997 பதிப்பில் கிரீடோ முதலில் சுடுகிறான். 2004இல் இருவரும் ஏறக்குறைய ஒரே கணத்தில் சுடுகிறார்கள். 2019இல் இணையத்துக்கு வந்த வடிவத்தில், சுடுவதற்கு முன் கிரீடோவுக்கு ஒரு புதுச் சொல்லும் கிடைத்திருக்கிறது. சில நொடிகளில் முடியும் காட்சிதான். ஆனால், தன்னலக்காரன் ஒருவன் மெல்ல மனிதனாக மாறும் கதையில், அவன் எங்கிருந்து புறப்பட்டான் என்பதே அதனால் மாறிவிடுகிறது.

ஏடெழுதுவோர் பிழை என்று வகுப்பில் சொல்கிறோம். இங்கே மாற்றியவர் படைப்பாளியான ஜார்ஜ் லூகாஸ்தான். தன் படைப்பைத் திருத்த ஆசிரியனுக்கு உரிமை இல்லையா என்று ஒரு மாணவி கேட்டாள். உண்டு என்றேன். எழுத்தாளர்களும் மறுபதிப்பில் திருத்துகிறார்கள். ஆனால் நூலகத்தில் முதற்பதிப்பு இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடினார். தாம் சரியெனக் கொண்ட பாடத்தை மேலே வைத்தாலும், விலக்கிய பாடங்களைப் பிரதிபேதங்களாகக் குறித்துவைத்தார். திருத்துவது வேறு, பழைய ஏட்டை மறைப்பது வேறு. கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பிறர் வண்ணம் பூசுவதை எதிர்த்து 1988இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் பேசியவர் லூகாஸ். அதே மனிதர், தம் பழைய படங்களை முழுமை பெறாத வடிவங்கள் என்று ஒதுக்கியதுதான் எனக்கு விளங்காத முரண்.

2006இல் பழைய வடிவங்கள் குறுந்தகட்டில் வந்தன, தெளிவு குறைந்த பிரதியிலிருந்து, வெறும் இணைப்பாக. ரசிகர்கள் சிலர் திரையரங்குகளில் ஓடிய 35 மி.மீ. பிரதிகளைத் தேடியெடுத்து, சட்டகம் சட்டகமாகத் துடைத்தார்கள். 2025 ஜூனில், லண்டனில் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் விழாவில் 1977ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று திரையிடப்பட்டது என்று படித்தபோது, சிதையாத சுவடிக்கட்டு ஒன்று பரணிலிருந்து கிடைத்ததைப் போல மகிழ்ந்தேன்.

ஆனால் என் பங்குக் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த 2006 வட்டில் கடைசிக் காட்சியை மீண்டும் பார்த்தேன். பெரியவர் இருந்தார். வாய் திறக்கவே இல்லை. மகனைப் பார்க்கிறார், அவ்வளவுதான். ‘மன்னிச்சுக்கப்பா’ என்பது எந்தப் பிரதியிலும் இல்லாத பாடம். பதினொரு வயதுப் பையன் இடைச்செருகியது. அதைக் கேட்டுத்தான் அப்பா எழுந்து வாசலுக்குப் போனார்.

மறுநாள் காலையில் அவர் வழக்கத்துக்கு மாறாக என்னைத் தன் சைக்கிளில் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய் விட்டார். காரணம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூலத்தில் இல்லைதான், என் பிரதியிலிருந்து அந்த வரியை நீக்க மனம் வரவில்லை. அடிக்குறிப்பில் வைத்திருக்கிறேன்.