உதகையில் ஓர் அடி

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்குச் செல்லும் மலைப் புகையிரதப் பாதையின் நீளம் 46 கிலோமீற்றர். அச்சிறு தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செல்கிறது. கல்லாற்றைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை பொருந்திய இரும்புப் பட்டை தோன்றுகிறது. இயந்திரத்தின் பற்சக்கரம் அதனைக் கவ்விக் கவ்விக் குன்னூர் வரை ஏறுகிறது. நானுஓயா வரை நம் மலைநாட்டுப் புகையிரதத்திற் சென்று பழகியவர்களுக்கும் இது புதுமையான காட்சியே.

என்னுடன் என் தமக்கையின் மகன் வந்திருந்தான். பல்கலைக்கழக மாணவன், ஸ்நூக்கர் ஆட்டத்தில் மிகுந்த பற்றுடையவன். அவனுடைய விருப்பத்திற்காகவே இப்பயணம்.

"மாமா, ஒருவன் ஓர் அடி அடித்தாற் போதும். அவனுடைய தரத்தை நான் சொல்லிவிடுவேன்" என்று வழியில் அவன் பெருமையோடு கூறினான். அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. அதன் காரணத்தைப் பின்னர் கூறுகிறேன்.

உதகையில் நாங்கள் முதலிற் காணச் சென்றது ஊட்டி கிளப். சர் வில்லியம் ரம்போல்ட் என்பவர் 1830களிற் கட்டுவித்த மாளிகை அது. வெண்மை நிறமும் பெருந்தூண்களும் கொண்டது. உறுப்பினர்க்கும் அவர்தம் விருந்தினர்க்குமே உரியதாகையால் நாங்கள் வெளியே நின்று பார்த்தோம். 1882ஆம் ஆண்டு ஸ்நூக்கர் ஆட்டத்தின் விதிகள் எழுதித் தொங்கவிடப்பட்டது இம்மாளிகையின் பில்லியர்ட்ஸ் அறையிலேதான். அக்காலத்தில் உதகைக்குப் புகையிரதம் இல்லை. அது வந்தது 1908இலேயே.

விதிகளை வகுத்தவர் நெவில் சேம்பர்லேன் என்னும் இராணுவ அதிகாரி. பின்னாளிற் பிரித்தானியப் பிரதமராயிருந்தவர் வேறொருவர். பெயர் மாத்திரமே ஒன்று. இவ்வதிகாரி 1875இல் ஜபல்பூரிற் படைப்பிரிவொன்றிற் கடமையாற்றினார். மழைக்காலத்திற் பொழுதுபோகாத அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேசையிற் பலவகைப் பூல் ஆட்டங்கள் ஆடினர். பதினைந்து சிவப்புப் பந்துகளோடு வேறு நிறப் பந்துகளையும் சேர்த்து ஒரு புது ஆட்டத்தை அமைத்தனர். வூல்விச் இராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவனை 'ஸ்நூக்கர்' என்று கேலியாக அழைப்பது வழக்கம். ஒருநாள் ஆட்டத்தின்போது எளிதான அடியொன்றைத் தவறவிட்ட தோழரைப் பார்த்துச் சேம்பர்லேன், "நீ அசல் ஸ்நூக்கர்" என்றாராம். தோழருக்கு அச்சொல்லின் பொருள் விளங்கவில்லை. அதை விளக்கியபின், அவர் மனம் நோகாதிருக்கும்பொருட்டு, இவ்வாட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்நூக்கர்கள்தாம் என்றும் சேர்த்துக்கொண்டாராம். ஆட்டத்துக்கு அதுவே பெயராயிற்று. இவ்வரலாற்றை அவரே 1938இல் இலண்டன் பத்திரிகையொன்றுக்குக் கடிதமாக எழுதினார்.

ஓர் அடியைக் கண்டு ஒருவனுக்கு வைத்த பெயர் உலகெங்கும் பரவிவிட்டது என்று எண்ணியவாறே கடைத்தெருவுக்கு வந்தோம். அங்கே மாடியொன்றில் ஸ்நூக்கர் மேசைகள் இரண்டு இருந்தன. புள்ளிகளைக் குறித்து மேசைகளைப் பேணும் முதிய மார்க்கர் எங்களை வரவேற்றார். இலங்கையர் என்றறிந்ததும், "லாபிர் பிறந்த நாடல்லவா, ஐயா!" என்று முகமலர்ந்தார். எம். ஜே. எம். லாபிர் 1973இற் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் வீரராகி நம் நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தவர்.

மேசையில் ஒரு பெரியவர் ஆடிக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்த சிவப்புப் பந்தொன்றை வெள்ளைப் பந்தால் மெல்ல உரசினார். சிவப்பு எந்தப் பைக்குள்ளும் விழவில்லை. "தொடக்கக்காரர், மாமா" என்று மருமகன் என் காதிற் கூறினான். அது மார்க்கர் காதிலும் விழுந்துவிட்டது.

"தம்பி, சிவப்பைப் பார்த்தீர்கள். வெள்ளை எங்கே நின்றது என்று பார்த்தீர்களா?"

பார்த்தோம். வெள்ளைப் பந்து மேசையின் மறுகோடிக்குத் திரும்பி வந்து கபிலப் பந்தின் முதுகோடு ஒட்டி நின்றது. எதிராளிக்குச் சிவப்புப் பந்து ஒன்றேனும் நேராகத் தெரியவில்லை. பெரியவர் தவறவிடவில்லை, எதிராளியின் வழியை மறித்துவிட்டார்.

பின்பு மார்க்கர் வெள்ளைப் பந்தைக் கபிலப் புள்ளியில் வைத்து, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்புப் பந்துகளுக்குரிய புள்ளிகளின் மேலாக நேரே அடிக்கச் சொன்னார். பந்தின் நடுவில் அடித்திருந்தால் அது எதிர் விளிம்பில் மோதி வந்த வழியே திரும்பிக் கோலின் நுனியைத் தொடவேண்டும். மருமகன் அடித்தான். பந்து ஒரு சாண் விலகி வந்தது. அவன் முகம் வாடியது.

"வருந்தாதீர்கள், தம்பி. பந்து பைக்குள் அதிர்ஷ்டத்தாலும் விழும். வெள்ளை வேண்டிய இடத்தில் நிற்பதே கைப்பழக்கம். ஆனால் ஓர் அடி அந்த அடியை மட்டுமே சொல்லும். ஆளை அறிய ஒரு மாலைப்பொழுதாவது இருந்து பார்க்கவேண்டும். நாற்பது ஆண்டுகளாகப் பார்க்கிறேன், இன்னும் ஏமாறுகிறேன்" என்றார் அவர்.

திரும்பும் வழியிற் புகையிரதம் மெல்ல இறங்கிற்று. இவன் உயர்தரப் பரீட்சையில் முதற்றடவை தவறியபோது, உறவினர் நடுவில், "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று சொன்னவன் நான். அடுத்த தடவை அவன் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகுந்தான். என் சொல்லை நான் மீட்கவில்லை. அவனும் அதை மறந்திருக்கவில்லை.

"தம்பி, அன்று நான் சொன்னது பிழை" என்றேன்.

அவன் சிறிது நேரம் வெளியே நோக்கியிருந்தான். "இன்று நானும் அதே பிழையைத்தானே செய்தேன், மாமா" என்றான்.

குன்னூரில் வண்டி நின்றது. இருவரும் இறங்கித் தேநீர் அருந்தினோம்.