கரிசலில் கட்டிய வீடு

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வர முடியல. உளுந்துக்குக் களையெடுப்பு. இன்னிக்கு மழை பிடிச்சுக்கிட்டதால திண்ணையில உக்காந்து எழுதுறேன். எதிர்ச் சுவர்ல ஒரு விரிசல் இருக்கு. சித்திரையில சுண்டுவிரல் நுழையும். இப்போ கார்த்திகையில முடி அளவுக்கு ஒடுங்கிப் போச்சு. வருசா வருசம் இப்படித்தான் திறக்கும், மூடும்.

எங்க ஊரு கோவில்பட்டிப் பக்கம். முழுக்கக் கரிசல் காடு. இந்த மண்ணு தண்ணியைக் குடிச்சா ஊதும், காஞ்சா சுருங்கி வெடிக்கும். வெடிப்புல மம்பட்டிக் கணையையே விடலாம். அந்தக் குணம்தான் எங்களுக்குச் சோறு போடுது. மழை நின்னு ரெண்டு மாசம் ஆனாலும் அடி ஈரம் இருக்கும். கிணறு இல்லாமலே பருத்தியும் உளுந்தும் பாசியும் வந்துடும். ஆனா வீட்டுக்கு அதே குணம்தான் வினை.

எங்க தாத்தா காலத்து வீடெல்லாம் ஊருக்கு மேக்க சரள் மேட்டுல இருக்கு. மண் சுவருதான், இன்னும் நிக்குது. நான் 2011ல ரோட்டை ஒட்டி இருந்த எங்க காட்டுலயே வீடு கட்டினேன். பஸ் ஏற வசதின்னு நினைச்சேன். பங்குனி மாசம் வானம் தோண்டினோம். மூணு அடியில மண்ணு கல்லு மாதிரி இருந்துச்சு. "இதுக்கு மேல என்னத்துக்குண்ணே?" என்றார் கொத்தனார். எனக்கும் காசு மிச்சம்னு பட்டது. காஞ்ச கரிசல் கல்லு மாதிரித்தான் இருக்கும் என்பது விவசாயி எனக்குத் தெரியாதா? தெரியும். காட்டுல தெரிஞ்சது வீட்டுல தோணல.

செப்டிக் டேங்குக்கும் அதே கதை. உறிஞ்சு குழி வெட்டி நாலு குடம் தண்ணி ஊத்திப் பார்த்தோம். கண் மூடித் திறக்குறதுக்குள்ள காணோம். நல்லா உறிஞ்சுதுன்னு சந்தோசப்பட்டோம். அது மண்ணு உறிஞ்சல, வெடிப்பு வழியா ஓடிப் போச்சு. மழை பெஞ்சதும் மண்ணு ஊதி வெடிப்பு அடைபட்டது. அப்புறம் குழி, அடைச்சு வச்ச பானை மாதிரி ஆயிடுச்சு.

2015 ஐப்பசியில மக பேறுகாலத்துக்கு வந்திருந்தா. பேத்தி பிறந்து இருபது நாள். அடைமழை. கக்கூஸ் தண்ணி திரும்பி மேல வந்து குளியலறை வரைக்கும் நின்னுச்சு. கழிவு அள்ளுற லாரிக்குச் சொன்னா, அது ரோட்டை விட்டு இறங்கினதும் கரிசல்ல டயர் புதைஞ்சு நின்னுடுச்சு. அன்னிக்குச் சாயங்காலமே பச்சப்பிள்ளையோட மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பி வச்சேன். அவ ஒண்ணும் சொல்லல. எங்க வீட்டுக்காரிதான் ரெண்டு நாள் என்கிட்ட பேசல.

விரிசலுக்கு நானும் ஒரு காரணம். கிழக்குச் சுவரை ஒட்டி வாழையும் கறிவேப்பிலையும் வச்சு, குளிக்கிற தண்ணியை அங்கயே விட்டேன். மேக்கால ஜன்னலுக்குப் பக்கத்துல வேம்பு. கிழக்க மண்ணு எப்பவும் ஈரத்துல ஊதியே இருக்கு. மேக்க வேம்பு ஈரத்தை இழுத்து மண்ணைச் சுருக்குது. ஒரு பக்கம் தூக்க, ஒரு பக்கம் இறங்க, நடுவுல சுவரு என்ன செய்யும்? கறிவேப்பிலையும் தேறல. தண்ணி வடியாம வேர் அழுகிப் போச்சு.

இப்போ தோட்டத்தைச் சுவர்ல இருந்து இருபது அடி தள்ளிட்டேன். செம்மண்ணும் குப்பையும் கலந்து மேட்டுப்பாத்தி போட்டதுல கத்திரியும் கொத்தவரையும் வருது. குளிக்கிற தண்ணி குழாய்ல அங்க போகுது. வீட்டைச் சுத்தி மூணு அடிக்குச் சிமெண்ட் தளம் போட்டு வெளிய வாட்டம் குடுத்தேன். விரிசல் போகல, கூடாம இருக்கு. உறிஞ்சு குழிக்கு மட்டும் இன்னும் வழி இல்ல. லாரி வந்து நிக்கச் சரள் கொட்டி வச்சிருக்கேன்.

இதை எழுதக் காரணம், மகன் இப்போ தனி வீடு கட்டணும்னு நிக்கிறான். அவனும் ரோட்டோரம்தான் கேட்டான். போன வாரம் மழையில அவனைக் கூட்டிட்டுப் போய் அங்க மூணு அடிக் குழி ஒண்ணு வெட்டச் சொன்னேன். நாலு குடம் ஊத்தினோம். மறுநாள் காலையில போய்ப் பார்த்தா, ஊத்தின தண்ணி அப்படியே கிடந்துச்சு. ரோட்டோரமே வேணும்னா சுக்கான் பாறை தட்டுற வரைக்கும் தோண்டணும், இல்லாட்டி பைல் அஸ்திவாரம் போட்டு மேல பீம் கட்டணும்னு சொன்னேன். எங்க காட்டுல சுக்கான் ஏழு அடிக்குக் கீழ இருக்கு. அப்படிச் செஞ்சாலும் கழிவுத் தண்ணிக்கு வழி இல்ல.

அவன் ரொம்ப நேரம் குழியையே பார்த்துட்டு நின்னான். அப்புறம், "தாத்தா வீட்டுக்குப் பின்னால இடம் சும்மாதான கிடக்கு, அப்பா?" என்றான். பஸ்ஸுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடக்கணும். நடக்கட்டும்.

நீங்களும் கரிசல்ல கட்டப் போறீங்கன்னா, கோடையில மண்ணைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஐப்பசி, கார்த்திகையில ஒரு குழி வெட்டித் தண்ணி ஊத்திப் பாருங்க.