தாத்தாவின் தபால் பெட்டி

தாத்தா ஓய்வு பெற்ற பிறகுதான் கம்ப்யூட்டரே கற்றுக்கொண்டார். 2003-இல் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பெட்டி ஒன்றை வாங்கி, சிங்கப்பூரில் இருக்கும் அத்தைக்கு முரசு அஞ்சலில் தமிழிலேயே தட்டி மெயில் அனுப்புவார். 2010-இல் அவர் போனதும் பெட்டி பரணுக்குப் போய்விட்டது. போன மாதம் பரணைக் காலி செய்தபோது, காயலான் கடையில் போடலாம் என்றார் அப்பா. "அதுலதான்டா எங்க லெட்டரெல்லாம் இருக்கு" என்று அத்தை போனில் பதறினார்.

மெயில்தானே, சர்வரில் இருக்குமே என்பீர்கள். இருக்காது மக்களே! தாத்தா பயன்படுத்தியது அவுட்லுக் எக்ஸ்பிரஸ். அது பாப்3 முறையில் கடிதத்தை இறக்கிக்கொண்டதும், நாம் வேண்டாமென்று சொல்லாவிட்டால், சர்வரில் இருப்பதை அழித்துவிடும். அத்தையிடம் இருந்தவை வேலை மாறியபோது அலுவலக முகவரியோடு போயின. ஆக, ஒரே பிரதி இந்தத் தூசி டப்பாவுக்குள்.

ஆன் செய்து பார்க்கக் கை பரபரத்தது. ஆனால் இத்தனை வருடம் சும்மா கிடந்த ஹார்ட் டிஸ்க் இன்னும் எத்தனை தடவை சுற்றும் என்று யார் கண்டது? அதைக் கழற்றி, ரிச்சி தெருவில் ஐடிஈ - யூஎஸ்பி கேபிள் வாங்கி (கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்), முதலில் முழு டிஸ்க்கையும் நகலெடுத்தேன். மற்ற வேலையெல்லாம் நகலில்தான். மறைந்திருந்த ஒரு ஃபோல்டருக்குள் டிபிஎக்ஸ் கோப்புகள் கிடைத்தன. அன்டிபிஎக்ஸ் என்ற இலவச மென்பொருள் அவற்றைத் தனித்தனி கடிதங்களாகப் பிரித்துக் கொடுத்தது.

திறந்தால்... பூச்சி பூச்சியாக எழுத்து! எல்லாம் திஸ்கி. அதில் 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று குறிகள். யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி அப்புறம். எழுத்துருவை மட்டும் மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். மாற்றியதும் கண்ணில் பட்டது 2006-ஆம் வருடக் கடிதம்: "மோட்டார் ரிப்பேர். பொடியன் இன்று நாற்காலியைப் பிடித்து நின்றான்."

அந்தப் பொடியன் நான்தான்.

இத்தோடு முடியவில்லை. டிபிஎக்ஸில் அழித்த கடிதம் உடனே போய்விடாது. ஃபோல்டரைச் சுருக்கும்வரை உள்ளேயே கிடக்கும், மீட்க வழியும் உண்டு. வீட்டுப் பத்திர விஷயமாக 2007-இல் அப்பாவுக்கும் அத்தைக்கும் மனத்தாங்கல் வந்ததாகக் கேள்வி. "எடுத்துத்தான் பாரேன்" என்றார் அப்பா. அத்தையைக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்பா அழிச்சது அழிச்சதாவே இருக்கட்டும்டா."

நான் அத்தை பக்கம். தாத்தா தன் கையால் அழித்ததைத் தோண்டிப் பார்க்க நான் யார்? அப்பா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

முழு நகலில் அவையும் இருக்கத்தான் செய்கின்றன. அதைப் பூட்டி, கடவுச்சொல்லை அத்தையையே வைக்கச் சொல்லிவிட்டேன். மற்ற 412 கடிதங்களும் பென்டிரைவில் சிங்கப்பூர் போயாகிவிட்டன. தினம் ஒன்றுதான் படிக்கிறாராம்.