ஆடவரிடம் கேட்கப்படாத கேள்விகள்

கேள்வி கேட்பது எளிது, விடை கூறுவதே அரிது என்பது உலகில் பலரும் கொண்டிருக்கும் எண்ணம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்து, தவணைதோறும் வினாத்தாள் தயாரித்தவன் என்ற முறையிற் கூறுகிறேன்: உண்மை இதற்கு மறுதலையானது. உண்மையான விடையைப் பெறத்தக்க ஒரு கேள்வியை ஆக்குவது மிகக் கடினமான வேலை. அக்கேள்வி இல்லறத்தின் அந்தரங்கத்தைப் பற்றியதாகவும், கேட்கப்படுபவர் ஆடவராகவும் இருந்துவிட்டாலோ, அதன் கடினம் பன்மடங்காகிவிடுகிறது.

என் தமக்கையின் மகள் பல்கலைக்கழகத்தில் தாதியியல் பயில்கிறாள். ஆடவருடைய இனப்பெருக்கச் சுகாதார நடத்தைகளை அளந்தறிவதற்கு ஒரு வினாக்கொத்து ஆக்கவேண்டும் என்பது அவளுக்குக் கிடைத்த பயிற்சி. ஆங்கிலத்தில் எழுதிய நாற்பத்தெட்டுக் கேள்விகளோடு விடுமுறைக்குச் சல்லிக்கு வந்தவள், “மாமா, இதைத் தமிழிலே ஆக்கித் தாருங்கோ” என்று தாள்களை என் முன் வைத்தாள். வாசித்துப் பார்த்தபின், “பிள்ளை, இவற்றைத் தமிழாக்குவது பிறகு. எங்கள் ஊர் மனிதரிடம் இவற்றைக் கேட்க முடியுமா என்று முதலில் பார்ப்போம்” என்றேன். அன்று தொடங்கிய வேலை இரண்டு மாதம் நீடித்தது.

சல்லியை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. திருகோணமலை நகரிலிருந்து வடக்கே, உப்புவெளியையும் கடந்து, சாம்பல்தீவுப் பக்கமாகக் கடலோரத்தில் அமைந்த மீனவர் கிராமம் இது. முத்துமாரியம்மன் கோயிலும் கடலுமே இதன் முகவரி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த பேரலையின் கொடுமையை இக்கரையும் அனுபவித்தது. இங்குள்ள ஆடவர் பலர் இரவிற் கடலுக்குச் செல்வர். பகலில் உறங்குவர், அல்லது வலை பொத்துவர். மாரிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களிலேதான் அவர்களை வீட்டில் ஆறுதலாகக் காணலாம். குடும்பநல மாதோ பகலில் வருகிறார். மனைவியின் நிறை, குருதியமுக்கம், பிரசவத் திகதி, குழந்தைக்கு ஏற்றவேண்டிய தடுப்பூசி யாவும் அவருடைய பதிவேட்டில் உண்டு. கணவனுக்கென்று அதில் ஓர் ஏடு இல்லை.

இது சல்லிக்கு மட்டும் உரிய குறையன்று. இலங்கையின் பொதுச் சுகாதார அமைப்பு 1926இல் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவோடு தொடங்கிற்று. குடும்பத் திட்டச் சங்கம் 1953இல் தோன்றியது. 1965இல் அரசாங்கம் அப்பணியைத் தாய் சேய் நலத்தோடு இணைத்து ஏற்றுக்கொண்டது. 1968இல் குடும்ப சுகாதாரப் பணியகம் அமைந்தது. தாயையும் சேயையும் காப்பதில் இந்நாடு அடைந்த வெற்றியை உலகமே மெச்சுகிறது. ஆயினும் “தாய் சேய் நலம்” என்ற தொடரிலேயே தந்தை இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1975இல் நடந்த உலகக் கருவள ஆய்வு மணம்புரிந்த மாதரிடமே வினாவிற்று. 1987ஆம், 1993ஆம் ஆண்டுகளின் குடித்தொகை சுகாதார ஆய்வுகள் யுத்தத்தின் காரணமாக வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு வரவேயில்லை. 2016ஆம் ஆண்டின் ஆய்வு இருபத்தைந்து மாவட்டங்களையும் அடக்கிற்று. எனினும் அதுவும் 15 முதல் 49 வயது வரையிலான, மணம்புரிந்த மாதரையே தனித்து வினாவியது. அயல்நாடாகிய இந்தியா தன் தேசியக் குடும்பநல ஆய்வின் மூன்றாம் சுற்றிலே, அதாவது 2005-06இல், 74,369 ஆடவரை நாடு தழுவிய முறையில் வினாவிற்று. ஆடவரின் பொறுப்பும் இவ்விஷயத்தில் இன்றியமையாதது என்பதை 1994இல் கெய்ரோ நகரிற் கூடிய சர்வதேசக் குடித்தொகை மகாநாடு ஏற்றுக்கொண்டிருந்தது.

கேளாமல் விடுவதனால் நேரும் கேட்டை நான் கண்ணாற் கண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, மணமாகிப் பதினொரு ஆண்டுகள் குழந்தையின்றி இருந்தாள். நேர்த்திக்கடன், விரதம், மருந்து, ஊசி என்று அவள் படாத பாடில்லை. சுபகாரியங்களில் அவளை முன்னே நிற்கவிடாத உறவினரும் இருந்தனர். அவளுடைய கணவன் நல்லவன். அவளை ஒரு வார்த்தை கடிந்தவனல்லன். ஆனால் அவனைச் சோதிக்கவேண்டும் என்று வீட்டார் எவரும் கூறவில்லை, அவனும் கேட்கவில்லை. பதினோராம் ஆண்டில் ஒரு வைத்தியர் அவனுடைய விந்தைப் பரிசோதித்தார். குறை அவனிடத்தே இருந்தது. வலியில்லாத, ஒரு நாளில் முடியத்தக்க சோதனை அது. குழந்தைப்பேறின்மை நேரும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆடவன் பக்கத்திலும் காரணம் உண்டு என்பது மருத்துவம் அறிந்த செய்தி. உலகில் வயது வந்தோரில் ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் இத்துன்பத்தை அனுபவிக்கின்றனர் என 2023இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

“நீங்களும் மனைவியும் குழந்தை வேண்டி வைத்தியரிடம் சென்றபோது, முதலிற் சோதிக்கப்பட்டவர் யார்?” என்ற கேள்வி எங்கள் வினாக்கொத்தில் இடம்பெற்றதற்கு அந்தப் பெண்மணியே காரணம்.

இங்கே அறிவு வேறு, மனப்பான்மை வேறு, நடத்தை வேறு என்பதைப் பகுத்துணர வேண்டும். “ஆணுறை நோயைத் தடுக்குமா?” என்பது அறிவைக் கேட்பது. “குடும்பத் திட்டம் பெண்களின் விஷயமா?” என்பது மனப்பான்மையைக் கேட்பது. “சென்ற முறை நீர் என்ன செய்தீர்?” என்பதே நடத்தையைக் கேட்பது. புகையிலை தீது என்று எல்லாரும் அறிவர். அறிந்துகொண்டே பீடி பற்றவைப்பவர் எத்தனை பேர்! ஆகவே என் மருமகளின் நாற்பத்தெட்டுக் கேள்விகளில் அறிவைச் சோதிப்பவற்றை வேறாக ஒதுக்கினோம். மனைவியின் கர்ப்ப காலத்துத் துணை, பிள்ளைகளின் இடைவெளி, நோய்த்தடுப்பு, குழந்தைப்பேறு, புகையும் மதுவும், தன்னுடலைத் தான் கவனித்தல் என ஆறு தலைப்புகளில் நடத்தைகளை வகுத்தோம்.

அடுத்து வந்தது சொற்சிக்கல். சொல் என்பது வெறும் பாத்திரமன்று. கேள்வி தொடங்குமுன்பே அது தீர்ப்புக் கூறிவிடுகிறது. “மலடி” என்ற சொல்லை ஊரெங்கும் கேட்கிறோம். “மலடன்” என்ற சொல் அகராதியில் உண்டு. வீதியில் அதைக் கேட்பது அரிது. பாலுறவால் தொற்றும் நோயைத் தமிழகத்துப் பேச்சு வழக்கில் “பொம்பளைச் சீக்கு” என்பர். நோயைச் சுமந்து வந்தவன் ஆணாயிருந்தும் பெயர் பெண்ணுக்குச் சூட்டப்பட்டிருப்பதைப் பாருங்கள். இத்தகைய சொற்களைப் பயன்படுத்தினால் பழைய அநீதியை நாமே மீண்டும் அச்சிட்டவராவோம். அதற்காகப் பாடநூற் சொற்களை அப்படியே பெய்துவிட்டால், கரைவலை இழுப்பவருக்கு அவை விளங்கா. எனவே நோயின் பெயரைக் கூறாமல், “சிறுநீர் கழிக்கையில் எரிவு, புண், சீழ் இவற்றுள் ஏதேனும் உங்களுக்கு வந்ததுண்டா? வந்தபோது என்ன செய்தீர்கள்?” என்று குறிகளை வைத்தே எழுதினோம்.

வாக்கிய அமைப்பிலும் கண்ணிகள் உண்டு. “மனைவியைச் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் சென்று வைத்தியரோடு பேசுவீர்களா?” என்று ஒரு கேள்வி இருந்தது. அழைத்துச் சென்று வாசலிலே நிற்பவன் ஆம் என்பதா, இல்லை என்பதா? ஒரு வாக்கியத்தில் ஒரு செயலே இருக்கவேண்டும். அவ்வாறே “நல்ல கணவன் என்ற முறையில்” என்று தொடங்கும் கேள்விக்கு எந்தக் கணவன் இல்லை என்பான்? அத்தொடரை நீக்கினோம். கால அளவும் அவ்வாறே. ஆணின் விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் செல்லும். ஆதலின் கடுங்காய்ச்சல், புகைப்பழக்கம் முதலியவற்றைக் கடந்த மூன்று மாதத்துக்குள் என்று வரையறுத்துக் கேட்பது பொருத்தம். ஆனால் மூன்று மாதம் என்றால் கடலோடியின் நினைவு தடுமாறும். “அம்மன் கோயிற் பொங்கலுக்குப் பின்”, “மாரி தொடங்கியபின்” என்று அவருடைய நாட்காட்டியாலேயே கணக்கிட்டுக் கேட்கும்படி குறிப்பு எழுதினோம்.

கேள்விகள் ஒருவாறு அமைந்தபின், ஊரிலுள்ள சிலரைக் கோயில் வீதியின் மரநிழலில் அமரவைத்து வாசித்துக் காட்டினேன். விடை கேட்கவில்லை, கேள்வி விளங்குகிறதா என்று மட்டுமே வினவினேன். பெண்பிள்ளை முன்னிலையில் அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்பதனால் மருமகள் வீட்டிலேயே இருந்தாள். நெடுநேரம் மௌனமாக இருந்த வயோதிபர் ஒருவர் இறுதியிற் கூறினார்: “வாத்தியார், இதெல்லாம் எங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏத்திக் கேட்கிற மாதிரி இருக்குது. குடிச்சியா, அடிச்சியா, நோய் கொண்டு வந்தியா எண்டு கேட்கிறீங்கள். நாங்கள் செய்த நல்லதைக் கேட்க ஒண்டுமே இல்லையோ?”

அவர் கூற்றில் நியாயம் இருந்தது. மனைவிக்குப் பேறுகாலம் நெருங்கியபோது கடலுக்குப் போகாமல் நின்றவர், தண்ணீர் சுமந்தவர், மசக்கைக்காகப் பீடியை விட்டவர் யாவரும் அக்கூட்டத்திலேயே இருந்தனர். அளவுகோல் என்பது தாழ்வை மட்டும் அளப்பதாயின் அது அரைகுறை அளவுகோலே. அன்றிரவே பன்னிரண்டு புதிய கேள்விகள் எழுதப்பட்டன.

எஞ்சியது அச்சம். எழுத்தறிந்தவர் தாமே நிரப்பி உறையிலிட்டு ஒட்டிவிடலாம். எழுத்தறியாதவர் என் செய்வார்? இதற்கு அமெரிக்கப் புள்ளிவிபரவியலார் வார்னர் என்பவர் 1965இல் ஓர் அருமையான வழியைக் காட்டினார். அவர் முறையின் எளிய வடிவத்துக்கு ஒரு சல்லிக்காசு போதும். விடை கூறுபவர் மறைவாகக் காசைச் சுண்டுவார். தலை விழுந்தால், உண்மை எதுவாயினும் “ஆம்” என்பார்; பூ விழுந்தால் உண்மையைக் கூறுவார். ஒருவர் ஆம் என்றால் அது காசின் ஆமோ மனிதனின் ஆமோ என்பதைக் கேட்பவர் அறியார். ஆனால் தொகையை நோக்கினால் உண்மை வெளிப்படும். நூறு பேரில் 62 பேர் ஆம் என்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஐம்பது காசுக்குரியது. எஞ்சிய ஐம்பது பேரில் பன்னிருவர், அதாவது நூற்றுக்கு 24 பேர், உண்மையில் அச்செயலைச் செய்தவர். சிறு கூட்டத்தில் இக்கணக்குப் பெரிதும் பிழைபடும், பெருந்தொகையினரிடமே பொருந்தும். மனிதனின் மானத்தைக் காத்துக்கொண்டே உண்மையை அறியலாம் என்பது எனக்குப் பெருவியப்பை அளித்தது.

இதன்பின் அறிஞர் பார்வை. லாஷே என்பவர் 1975இல் வகுத்த முறைப்படி, துறை அறிந்த பத்துப் பேரிடம் ஒவ்வொரு கேள்வியும் இன்றியமையாததா என்று கேட்கவேண்டும். அவர் தந்த அட்டவணையின்படி ஒன்பது பேரேனும் ஆம் என்றாலன்றிக் கேள்வி தேறாது. அதே மனிதரிடம் இரண்டு வாரம் கழித்து மீண்டும் கேட்டு, விடை ஒத்திருக்கிறதா என்றும் நோக்க வேண்டும். ஒரே தலைப்பிலுள்ள கேள்விகள் ஒன்றோடொன்று இசைகின்றனவா என்பதை 1951இல் குரொன்பாக் வகுத்த அல்பா என்னும் எண் காட்டும், 0.7க்கு மேற்படின் ஏற்கத்தக்கது என்பது வழக்கம். மாணவர்கள் இங்கே விழிப்பாயிருக்க வேண்டும். ஒரே கேள்வியைப் பத்து வடிவில் எழுதிவிட்டால் அவ்வெண் தானே உயரும். அதனால் உண்மை உயர்ந்துவிடாது. எல்லாரும் சேர்ந்து ஒரே பொய்யைக் கூறினாலும் இசைவு இருக்குமன்றோ?

இவை அனைத்துக்கும் மேலாக ஒரு கடமை உண்டு. ஒருவர் தம் நோயை நம்பி வெளியிட்டால், தாளை மடித்துக்கொண்டு போய்விடலாகாது. மாவட்ட வைத்தியசாலைகளில் இயங்கும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவும் இரகசியமாகவும் சிகிச்சை பெறலாம் என்ற விபரம் வினாக்கொத்தின் கடைசி ஏட்டில் அச்சிடப்பட்டது. பெயர் எழுத இடமே வைக்கவில்லை.

என் மருமகள் திருத்திய தாள்களோடு பல்கலைக்கழகம் திரும்பிவிட்டாள். இனி அறிஞர்கள் தேர்ந்தெடுப்பர், எஞ்சுபவை எஞ்சட்டும். ஆனால் குடும்பங்கள் ஆய்வாளருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மகளுக்குக் குழந்தை இல்லையே என்று ஏங்கும் பெற்றோர், மருமகனையும் சோதிக்கவேண்டும் என்று மரியாதையோடு கூறலாம். மகன் மணமேடை ஏறுமுன் தந்தை அவனை அருகே அழைத்துப் பேசலாம். நேரே கேட்கப்பட்டால் எங்கள் ஆடவரும் பேசுவர் என்பதைச் சல்லியின் மரநிழலிலே கண்டேன். குரலிற் குற்றச்சாட்டு இல்லாதிருந்தாற் போதும்.