ஒரே ஈற்றுக் குட்டிகள்

நாய்க்குட்டிகளை இணையாக வளர்த்தால் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. துணையாகத்தான் இருக்கின்றன. வளர்ப்பவரின் துணை அவற்றுக்குத் தேவைப்படாமல் போய்விடுவதுதான் சிக்கல். உடன்பிறந்த குட்டிகள் தம்முள் ஒட்டிக்கொண்டு மனிதரைப் பொருட்படுத்தாத இந்நிலையை ஒரு குறைபாடாகவே பயிற்சியாளர்கள் பெயரிட்டுச் சொல்கிறார்கள். ஆய்வுகளால் நிறுவப்பட்ட நோயன்று. அனுபவத்தில் விளைந்த பெயர். வெள்ளச்சியும் மணியும் எட்டு வார வயதில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, அதை வெறும் கற்பனை என்று ஒதுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இரண்டும் ராஜபாளையம் இனம். 2005இல் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த இனம். பால் வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் அழகு. அந்த வெண்மைக்கு ஒரு விலையும் உண்டு. உட்செவியில் நிறமிச் செல்கள் இல்லாத குட்டிகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் அழிந்துபோகிறது. மணிக்கு இரு செவிகளும் கேளா. (பெயரை மாற்றலாமே என்ற நண்பரிடம், அவனுக்கு எந்தப் பெயரானால் என்ன என்றோம்.)

வெள்ளச்சிதான் அவனுக்குக் காது. அவள் செவி விடைத்தால் இவன் எழுவான். அவள் வாசலுக்கு ஓடினால் பின்னோடுவான். கால்நடை மருத்துவர் அவளை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, இவன் முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்த்தபோதுதான் உண்மை துலங்கியது. தனித்தனியே உண்ணவும் உறங்கவும் உலவவும் பழக்குங்கள் என்றார் அவர். மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாவது வாரம் வரைதான் குட்டி மனிதரோடு எளிதில் ஒட்டும் பருவம் என்று ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965இல் எழுதிய நூல் சொல்கிறது. எங்கள் கையில் எஞ்சியிருந்தவை சில வாரங்களே. அதற்குள் அவனிடமிருந்து அவனுடைய காதைப் பிரிக்க வேண்டும். வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

கையசைவுகளால் பழக்கினோம். தரையைக் காலால் தட்டினால் அதிர்வை உணர்ந்து திரும்பினான். இருட்டிய பின் டார்ச் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றினால் ஓடிவந்தான். நாங்கள் அஞ்சியது இரவுகளைத்தான். முதல் இரவு வெள்ளச்சி விடியும்வரை ஊளையிட்டாள். சுவருக்கு அப்பால் மணி அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். அவள் அழுவது அவனுக்குக் கேட்கவில்லை.

இப்போது எட்டு மாதமாகிறது. கருத்தடைக்கு நாள் குறித்தாயிற்று. மணி எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தனியாக உலாவப் போகிறான். வெள்ளச்சி அவன் இல்லாமல் வாசற்படி தாண்ட மறுக்கிறாள். தோட்டக் காவலுக்கு ஒன்றைத் தாருங்கள் என்கிறார் விருதுநகரில் இருக்கும் உறவினர். காது கேட்கிற நாய்தான் வேண்டுமாம். மூன்று வாரமாக அவருக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை.