திருவையாற்றில் ஒரு பஞ்சமி

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர்தான். அதற்குள் ஐந்து ஆறுகளைத் தாண்டியாக வேண்டும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஊருக்குப் பெயர் வந்ததே இதனால்தான் என்பார்கள். எங்கள் காரில் இந்த ஐந்து பாலங்களையும் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தவன் என் தங்கை மகன். வயது ஒன்பது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு குறைவு, எண்ணிக்கை என்றால் உயிர்.

அவனையும் கூட்டிக்கொண்டு தியாகராஜ ஆராதனைக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது தங்கை பிடி கொடுக்கவே இல்லை. "வேணாங்க்கா. இன்னொரு தடவை அவமானப்பட எனக்குத் தெம்பில்லை" என்றாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த கதை அது. ரேடியோவில் வீணை கேட்டால் பையன் அப்படியே நின்றுவிடுவான். அந்த ஆசையில் பட்டணத்தில் ஒரு கச்சேரிக்கு அழைத்துப் போனாள். பாட்டு சூடு பிடித்ததும் பையனும் "ம்ம்ம்" என்று கூடவே இழுக்க ஆரம்பித்தான். கையையும் உதறினான். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பின்வரிசை முணுமுணுத்தது. கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து, "பிள்ளையை வெளியே கொண்டு போயிடுங்கம்மா, மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கு" என்றாராம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தணிந்த குரலில்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் உறைத்தது. அன்றோடு கச்சேரி, கல்யாணம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டுவிட்டாள்.

இத்தனைக்கும் பாட்டு கற்றவள். பஞ்சரத்தினத்தில் நாட்டை, கௌளை, ஆரபி மூன்றும் பாடம். நாலாவது தொடங்குமுன் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நம் வீடுகளில் பெண்களின் பாட்டு பெரும்பாலும் அந்த இடத்தில்தானே நிற்கிறது!

எப்படியோ சம்மதிக்க வைத்தேன். 2025-ல் பொங்கல் கழிந்த கையோடு பஞ்சமி வந்தது. பையனுக்குப் பயிற்சி தரும் டீச்சர் ஒரு நல்ல யோசனை சொன்னார். என்ன நடக்கப் போகிறது என்பதை இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் மிரட்சி குறையுமாம். ஒரு வாரமாக அவனிடம், "அஞ்சு பாலம், அப்புறம் அஞ்சு பாட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். சத்தம் தாங்காவிட்டால் காதை மூட ஹெட்போன் மாதிரி ஒன்று, அவன் சுழற்றி விளையாடும் எவர்சில்வர் டப்பா மூடி, தயிர் சாதம். இவ்வளவும் பையில். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், ஒலிபெருக்கிக்கு எட்டத்தில், ஆற்றுப் பக்கம் எழுந்து போக வசதியாகப் பந்தலின் ஓரமாய் ஜமக்காளம் விரித்துக்கொண்டோம்.

தியாகராஜ சுவாமிகள் சமாதியானது 1847-ல், புஷ்ய பகுள பஞ்சமியன்று. அந்தத் திதியில்தான் வருஷா வருஷம் ஆராதனை. காலையில் அவர் வாழ்ந்த வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பஜனையாகக் கிளம்பி சமாதிக்கு வந்து சேருகிறார்கள். பிறகு சன்னிதிக்கு முன்னால் வித்வான்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஐந்து கீர்த்தனைகளையும் சேர்ந்து பாடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் மாணவ மாணவிகள், அதற்கும் பின்னால் நம்மைப் போன்றவர்கள். டிக்கெட் கிடையாது. மேடையில் உள்ளவர்தான் பாடலாம் என்பதும் கிடையாது. பெயர் பெற்ற வித்வானும் பாடுகிறார், பாட்டு கிளாஸுக்குப் போகும் குழந்தையும் பாடுகிறது. ஒன்றிரண்டு அபஸ்வரம் விழுந்தாலும் காவிரியோடு போய்விடும்!

நாட்டை தொடங்கியது. அத்தனை குரல்களும் ஒன்றாக எழுந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே நிமிஷத்தில் பையனும் "ம்ம்ம்" என்று ஆரம்பித்தான், உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு. முன்னால் இருந்த வயதான அம்மாள் திரும்பினார். தங்கை பேச்சில்லாமல் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள்.

"எங்கம்மா எழுந்திருக்கே? உட்காரு. அவனும் பாடத்தானே வந்திருக்கான்" என்றார் அந்த அம்மாள். சொன்னதோடு நிற்கவில்லை. மூட்டுவலிக்காரர் போலிருக்கிறது, கையை ஊன்றி மெதுவாக ஒரு சாண் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "இப்போ ஆடட்டும், இடம் இருக்கு."

கைக்குழந்தையோடு பக்கத்தில் இருந்த பெண்ணும் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். எல்லாரும் அப்படி என்று சொல்லமாட்டேன். பின்னால் ஒரு பெரியவர் இரண்டு தரம் "ச்சு" கொட்டினார். யாரும் அவரோடு சேர்ந்து கொட்டவில்லை, அவரும் விட்டுவிட்டார்.

மூன்றாவதாக ஆரபி. என் பக்கத்தில் யாரோ பாடுகிறார்களே என்று திரும்பினால், தங்கை! கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சரணம் விடாமல் பாடினாள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவள் குரலை நான் கேட்டதில்லை.

வராளியில் பையன் நிலைகொள்ளவில்லை. நான் அவனை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனேன். அங்கேயும் பாட்டு கேட்டது, காதுக்கு இதமாக. நாலு விரலை நீட்டியபடியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஸ்ரீராகம் முடிந்ததும் ஐந்தாவது விரல் விரிந்தது. "அஞ்சு. முடிஞ்சது" என்றான், ரொம்பத் தெளிவாக.

கூட்டம் கலைந்த பின், சுவாமிகளின் சமாதிக்கு எதிரே இருக்கும் இன்னொரு சமாதியைப் பார்க்கப் போனோம். பெங்களூர் நாகரத்தினம்மாளுடையது. தேவதாசி குலத்தில் 1878-ல் பிறந்தவர், பெரிய பாடகி. சுவாமிகளின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்ததைக் கண்டு மனம் பொறுக்காமல், தன் சம்பாத்தியத்தைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் அவர். ஆனால் அந்தக் காலத்தில் ஆராதனை நடத்தி வந்த பெரிய கட்சி, சின்னக் கட்சி இரண்டிலுமே பெண்கள் பாட இடமில்லை. கோயில் கட்டியவளுக்கே பாட்டு இல்லை! அம்மாள் அழுதுகொண்டு உட்காரவில்லை. 1927-ல் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை தொடங்கிவிட்டார். அதற்குப் பெண்கள் கட்சி என்று பெயர். 1940 வாக்கில் எல்லாரும் ஒன்று சேர்ந்தபோது பெண்களும் உள்ளே வந்தார்கள். 1952-ல் அவர் காலமானார். தங்கை அந்தச் சன்னிதியில் வெகு நேரம் நின்றாள். நான் கூப்பிடவில்லை.

திரும்பும்போது கடைத்தெருவில் அசோகா வாங்கினோம். பாசிப்பருப்பும் கோதுமை மாவும் நெய்யுமாக, திருவையாற்றுக்கே உரிய அல்வா. பையன் இரண்டு பொட்டலம் காலி செய்தான்.

அந்த வருஷம் எங்கள் குடியிருப்பு நவராத்திரிக் கச்சேரியில் சில மாற்றம் செய்தோம். வாசல் பக்கம், ஒலிபெருக்கி இல்லாத மூலையில் இரண்டு ஜமக்காளம். முழங்கால் முடியாதவர்களுக்கு முன்வரிசையிலேயே நாற்காலி. பக்கத்து அறையில் திரை கட்டிப் பால் கொடுக்க இடம். என்னென்ன பாட்டு, எத்தனை மணிக்கு முடியும் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டோம். "பிள்ளைங்க சத்தம் போட்டா கச்சேரி கெட்டுடாதா?" என்று செயலாளர் தயங்கினார். நியாயமான கேள்விதான். பாட வந்த பெண்ணிடமே முன்கூட்டிக் கேட்டோம். "ஓரமா உட்கார்ந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது மாமி" என்று சிரித்துவிட்டாள். மாடிவீட்டில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பாட்டியை நாலு பேர் தூக்கி வந்தார்கள். இத்தனை வருஷமாக அவரை யாருமே அழைத்ததில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தங்கை இப்போது வராளி கற்றுக்கொள்கிறாள். வராளியைக் குரு எதிரே உட்கார்ந்து சொல்லித்தரக் கூடாது, குருவுக்கும் சிஷ்யைக்கும் ஆகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் போனில் பாடம். பையன் பக்கத்தில் உட்கார்ந்து, எவர்சில்வர் மூடியைச் சுழற்றியபடி, சரணங்களை எண்ணிக்கொண்டிருக்கிறான்.