செட்டியாருக்கு ஜோடி

விருத்தாசலம்னு சொன்னா சென்னையில எனக்கு மூணு விதமான பதில் கிடைக்கும். ரயில்ல போறவங்க "ஓ, ஜங்ஷனா?"ன்னு கேப்பாங்க. அரசியல் பேசறவங்க "2006ல விஜயகாந்த் ஜெயிச்ச ஊரு"ம்பாங்க. கோயில் குளம்னு சுத்தற பெரியவங்க "திருமுதுகுன்றம்! பழமலைநாதர்!"னு கன்னத்துல போட்டுக்குவாங்க. பீங்கான்னு ஒருத்தர் கூட சொன்னதில்லை.

ஆனா உங்க தாத்தா வீட்டு மீட்டர் பலகையில இருந்த வெள்ளை ஃப்யூஸ் கேரியரோ, கார்த்திகைக்கு வாங்கின அகலோ, கொலுவுல ஒரு ஓரமா நிக்கிற பொம்மையோ எங்க ஊர்லேர்ந்து வந்திருக்கலாம். ஊர்ல செராமிக் தொழிற்பேட்டை இருக்கு. இதைப் படிக்கறதுக்குன்னே அரசாங்க பாலிடெக்னிக்கும் இருக்கு. எல்லாத்துக்கும் காரணம் பக்கத்துல இருக்கிற நெய்வேலி. 1956ல அங்க கம்பெனி ஆரம்பிச்சு பழுப்பு நிலக்கரி தோண்டினாங்க. நிலக்கரி என்ன மேலாப்புலயா கிடக்கு? மேல இருக்கிற மண்ணை மலை மலையா அள்ளிக் கொட்டினாத்தான் அதைப் பாக்கவே முடியும். அந்த மண்ணோட வெள்ளைக் களிமண்ணும் வரும். அவங்களுக்குக் குப்பை, எங்களுக்குச் சோறு.

எங்க தாத்தாவும் அப்பாவும் சாப்பிட்டது அந்தச் சோறுதான். நான் சாப்பிடறது பொட்டி தட்டற சோறு. நடுவுல 14 வருஷம் நான் களிமண்ணைக் கையால தொடலை. ராமர் கணக்குல சரியா ஒரு வனவாசம் :-)

போன ஆகஸ்டுல (2025) அம்மா ஃபோன் பண்ணாங்க. "பின்னாடி கொட்டகையை இடிச்சிட்டு பாத்ரூம் கட்டப் போறோம்டா. அச்செல்லாம் என்ன பண்றது? கொத்தனார் அடிச்சுத் தரைக்குப் போட்டுடலாங்கறாரு."

"அப்பா என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லலை."

எங்கப்பா ஒண்ணும் சொல்லலைன்னா அதுக்கு நாலு அர்த்தம் உண்டு. அன்னைக்கு எனக்கு ஒண்ணுகூடப் பிடிபடலை. சுதந்திர தினம் வெள்ளிக்கிழமை வந்ததால மூணு நாள் லீவு. ரயில் ஏறிட்டேன்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்தியே ஆகணும், பொறுத்துக்குங்க.

அச்சு வார்ப்புன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் எல்லாம் அரைச்சு தண்ணியில கரைச்சா மோர் மாதிரி ஒரு கரைசல் வரும். சிலிப்னு சொல்லுவோம். அதை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுல ஊத்தணும். பிளாஸ்டர் தண்ணியை உறிஞ்சிக்கும், களிமண் மட்டும் அச்சோட சுவர்ல ஆடை மாதிரி படியும். கால் மணி, இருபது நிமிஷத்துல தேவையான தடிமன் வந்துடும். மிச்சக் கரைசலைக் கவுத்துட்டா உள்ள கூடா ஒரு பொம்மை நிக்கும். அச்சைப் பிரிச்சு, இணைப்புல இருக்கிற பிசிறை வெட்டி, ஈரத்துணியில துடைச்சு, நிழல்ல காய வச்சு சூளைக்கு அனுப்பணும்.

ஒம்பதாவது படிக்கிறப்ப, 2011 செப்டம்பர்ல, முதல் தடவையா அப்பா என்னைத் தனியா ஊத்த விட்டாரு. நாப்பது யானை. பிசிறு வெட்டினது, துடைச்சது எல்லாம் நான்தான். நவராத்திரி ஆர்டரோட என் யானைகளும் சூளைக்குள்ள போச்சு. சுட்டு முடிச்சு ஆறிக்கிட்டு இருந்துச்சு. மறுநாள் காலையிலதான் கதவைத் திறக்கணும். அப்பா பேங்குக்குப் போயிருந்தாரு. எனக்கு என் யானையைப் பாக்கணும். ரெண்டே ரெண்டு அங்குலம்தான் கதவை நகத்தினேன். உள்ள இன்னும் மங்கலா செவப்பு தெரிஞ்சுது.

அப்புறம் ஒரு சத்தம். கிண். கொஞ்சம் விட்டு இன்னொரு கிண். அப்புறம் வரிசையா. கேக்கறதுக்கு அழகாத்தான் இருந்துச்சு. கோயில் மணின்னு நினைச்சு நின்னு கேட்டுட்டு கதவைச் சாத்தினேன்.

காலேஜ்ல படிக்கிறப்ப ஒரு பஸ் பயணத்துலதான் அது என்ன சத்தம்னு ஃபோன்ல படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். குவார்ட்ஸ் 573 டிகிரியில உள்ளமைப்பு மாறும். சூடு ஏறறப்ப சட்டுன்னு விரியும், ஆறறப்ப சட்டுன்னு சுருங்கும். பொம்மை முழுக்க ஒரே சீரா ஆறினா பிரச்சினை இல்லை. குளிர்காத்து ஒரு பக்கம் மட்டும் அடிச்சா அந்தப் பக்கம் முன்னாடியே சுருங்கும், மறுபக்கம் சுருங்காது. ஒண்ணு தலைகுப்புற இழுக்கும், இன்னொண்ணு விடாது. விரிசல்தான் அந்தக் கிண்.

மறுநாள் அப்பா கதவைத் திறந்து ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னாரு. யார் திறந்ததுன்னு கேக்கலை. நானும் சொல்லலை. "போய்ப் படி"ன்னாரு. அவ்வளவுதான். நான் போனேன். பத்தாவது, பன்னெண்டு, இன்ஜினியரிங், வேலைன்னு போய்க்கிட்டே இருந்தேன். வீட்டுக்கு நேரா வருவேன், பட்டறைப் பக்கம் திரும்பவே மாட்டேன். வீடுகள்ல எம்.சி.பி. வந்ததும் ஃப்யூஸ் கேரியர் ஆர்டர் தேஞ்சு போச்சு. வருஷத்துல ரெண்டு மாசம் ஓடற பொம்மையை மட்டும் நம்பி வாடகை கட்ட முடியலை. 2016ல அப்பா பட்டறையை விட்டுட்டாரு. அச்சுகள் வீட்டுக் கொட்டகைக்கு வந்துடுச்சு.

கொசுவத்தி முடிஞ்சுது.

கொட்டகையில நாப்பது, அம்பது அச்சு கிடந்துச்சு. தகர ஓட்டை வழியா மழைத்தண்ணி சொட்டின இடத்துல பிளாஸ்டர் சோறு மாதிரி குழைஞ்சு கிடந்துச்சு. அதுல நான் தேடினது ஒண்ணைத்தான். செட்டியாரம்மா அச்சு.

எங்க வீட்டுக் கொலுவுல தாத்தா பண்ணின செட்டியார் கடை உண்டு. 2019ல எடுத்து வைக்கறப்ப செட்டியாரம்மா கைநழுவி விழுந்துட்டாங்க. அதுலேர்ந்து செட்டியார் தனியாத்தான் அரிசி பருப்பு வித்துக்கிட்டு இருக்காரு. வருஷா வருஷம் "பாவம்டா"ம்பாங்க அம்மா. கடையில வாங்கின பொம்மை எதுவும் அவருக்குப் பக்கத்துல பொருந்தலை. வேற வீட்டுப் பொம்மையை வச்சு அச்சு எடுக்கலாமேன்னு கேப்பீங்க. களிமண் காயறப்பவும் வேகறப்பவும் சுருங்கும். பொம்மையிலேர்ந்து அச்சு எடுத்து ஊத்தினா, பத்துக்கு ஒம்பதுங்கிற மாதிரி சின்னதா வந்து நிக்கும். மகள் மாதிரி இருக்கும், மனைவி மாதிரி இருக்காது :-) அந்த அளவு கணக்குப் போட்டுச் செஞ்ச மூல அச்சு இருந்தாத்தான் உண்டு.

முன்பாதி முதல்லயே கிடைச்சுது. பின்பாதி சாயங்காலம் கிடைச்சுது, ஓரத்துல தண்ணி அரிச்சிருந்துச்சு. அதுக்கு அடியில ஒரு தகரப்பெட்டி. உள்ள அப்பாவோட நோட்டுகள்.

எங்கப்பா எல்லாத்தையும் கைக்கணக்குல செய்யறவருன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு சூளைக்கும் ஒரு பக்கம் எழுதியிருக்காரு. தேதி, எத்தனை உருப்படி, ஒரு லிட்டர் சிலிப் எத்தனை கிராம் (பெரும்பாலும் 1750க்கு மேல), சோடியம் சிலிகேட் எவ்வளவு, உடைவு எத்தனை, கடைசிக் கட்டத்துல காரணம். "ஈரம்." "கால் தடிப்பு." "அடுக்கினது சரியில்லை", பக்கத்துலயே அடுக்கினவர் பேரு. சில இடத்துல அவர் பேரேகூட. நாங்க ஆபீஸ்ல சர்வர் படுத்தா ரெண்டு நாள் மீட்டிங் போட்டு எழுதற அறிக்கையை இவரு ஒத்தை வரியில எழுதியிருக்காரு.

2011 செப்டம்பர் பக்கத்தைத் தேடினேன். கை நடுங்குச்சுன்னு சொன்னா ஓவரா இருக்கும், ஆனா நடுங்குச்சு. உருப்படி 640. உடைவு 212. காரணம்னு போட்ட இடத்துல ஒண்ணும் இல்லை. முன்னாடியும் பின்னாடியும் புரட்டிப் பாத்துட்டேன். அத்தனை நோட்டுலயும் காரணம் காலியா இருந்தது அந்த ஒரு பக்கம்தான்.

பெட்டியை மூடி வச்சுட்டு வந்து சாப்பிட்டேன். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை. எங்க வீட்டு வழக்கம்.

மறுநாள் அச்சுகளை வெயில்ல போட்டேன். (அவசரப்பட்டு அடுப்பு கிட்ட வச்சுடாதீங்க. ஜிப்சத்தை 150 டிகிரி வாக்குல சூடாக்கித்தான் பிளாஸ்டர் செய்யறாங்க. திரும்பச் சூடு காட்டினா உதிர்ந்துடும்.) ரெண்டு வாரம் வீட்லேர்ந்தே வேலைன்னு டேமேஜர் கிட்ட கெஞ்சி வாங்கினேன். தொழிற்பேட்டையில அப்பாவோட பழைய கூட்டாளி மாமா ஒருத்தர் இன்னும் பட்டறை ஓட்டறாரு. அவர்கிட்ட ரெண்டு வாளி சிலிப் வாங்கினேன். "சூளையில ஒரு மூலை குடுங்க மாமா"ன்னு கேட்டேன். "கதவு கிட்ட மட்டும் வராத"ன்னு சிரிச்சாரு. அவருக்கும் தெரிஞ்சிருக்கு!

முதல் நாள் ஊத்தினது எல்லாம் அச்சோட ஒட்டிக்கிச்சு. அச்சு உள்ளுக்குள்ள காயலை. ரெண்டாவது நாள் கவுக்க நேரமாயி, செட்டியாரம்மா கருங்கல் மாதிரி கனத்தாங்க. மூணாவது நாள்லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா கை வந்துச்சு. மீட்டிங்ல மைக்கை அணைச்சுட்டுப் பிசிறு வெட்டினேன். காஞ்ச தூளை ஊதக்கூடாதுன்னு மட்டும் யாரும் சொல்லாமலே ஞாபகம் இருந்துச்சு. சிலிக்கா தூசி நுரையீரல்ல போய் உக்காந்தா வெளிய வராது. எதையும் ஈரத்துணியால துடைக்கணும். சின்ன வயசுல ஊதினதுக்கு முதுகுல வாங்கின அடி அது.

அப்பா தினமும் ஈஸி சேர்ல பேப்பரோட உக்காந்திருந்தாரு. திரும்பிக்கூடப் பாக்கலை. நாலாவது நாள் நான் டீ குடிச்சுட்டு வந்து பாத்தா, ஒரு செட்டியாரம்மாவுக்கு மட்டும் மூக்கும் கண்ணும் கூர்மையா இருக்கு. அச்சு தேஞ்சு போனதால மத்தவங்க முகமெல்லாம் மழுங்கின மாதிரிதான் இருந்துச்சு. பக்கத்துல ஒரு மூங்கில் குச்சி, நுனியில ஈரக் களிமண். அப்பா பேப்பர்ல அதே பக்கத்துலதான் இருந்தாரு.

மொத்தம் 12 உருப்படி சூளைக்குப் போச்சு. செட்டியாரம்மா 5, பசு 4, யானை 3. ஒரு வாரம் காய வச்சேன். சுட்டு, ரெண்டு நாள் ஆறவிட்டு, மாமா ஃபோன் பண்ணி "இப்ப வா"ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் தொழிற்பேட்டைப் பக்கமே போனேன்.

யானை மூணும் போச்சு. கால் தடிப்பு, உள்ள ஈரம் தங்கிடுச்சு, ஆவியாகி வெடிச்சிருக்கு. யானைக்கும் எனக்கும் ராசியே இல்லை. பசு ஒண்ணு கழுத்துல விரிசல். மிச்சம் எட்டு. வீட்டுக்கு வந்து தகரப்பெட்டியைத் திறந்து, கடைசி நோட்டுல காலியா இருந்த பக்கத்துல எழுதினேன். தேதி. உருப்படி 12. உடைவு 4. காரணம்: ஈரம், கால் தடிப்பு. பக்கத்துல என் பேரு.

அப்புறம் 2011 பக்கத்தையும் திறந்தேன். காலியா இருந்த கட்டத்துல "கதவு"ன்னு எழுதி, பக்கத்துல அதே பேரு. ரெண்டு நோட்டையும் திறந்தபடியே அப்பா பக்கத்துல வச்சுட்டுக் கைகழுவப் போயிட்டேன். நேரா குடுக்கற தைரியமெல்லாம் இல்லைங்க.

எங்க ஊர்ல ஒரு கதை உண்டு. சுந்தரர் இங்க கிடைச்ச 12000 பொன்னை மணிமுத்தாத்துல போட்டுட்டு, திருவாரூர்க் குளத்துல போய் எடுத்தாராம். தரம் குறையக்கூடாதுன்னு போடறதுக்கு முன்னாடி பிள்ளையார் உரசி மாற்று பாத்துக் குடுத்தாராம். அந்த மாற்றுரைத்த பிள்ளையாருக்கு இங்க சந்நிதியே இருக்கு. ஆத்துல போட்டது குளத்துல கிடைக்கும்ங்கறதை விட, உரசிப் பாக்க ஒருத்தர் இருந்தாருங்கறதுதான் எனக்கு இப்ப பெருசாத் தெரியுது.

ஏன்னா நான் திரும்பி வந்தப்ப அப்பா எட்டுப் பொம்மையையும் வரிசையா வச்சு நகத்தால தட்டிக்கிட்டு இருந்தாரு. கிண். கிண். கிண். அஞ்சாவது, ஒரு பசு. டொக். இன்னொரு தடவை தட்டினாரு. டொக்.

"உடைவு நாலு இல்ல, அஞ்சு. காதுகிட்ட மயிர்க்கோடு இருக்கு பாரு. மாத்தி எழுது."

மாத்தி எழுதினேன். 2011 நோட்டு மூடி இருந்துச்சு. அதைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலை. இந்தத் தடவை எனக்கு அர்த்தம் புரிஞ்சுது.

நவராத்திரிக்கு செட்டியார் கடையில ஆள் வந்தாச்சு. அப்பா கண்ணு வரைஞ்ச அம்மாதான். சிலிப் வேற, சூடு வேறங்கறதால செட்டியாரை விட அரை விரல் குட்டையா இருக்காங்க. "ஆறு வருஷம் கழிச்சு வர்றாங்கல்ல, வயசானா குறுகத்தான் செய்வாங்க"ன்னு அம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க.

பாத்ரூம் வேலையைத் தை மாசத்துக்குத் தள்ளி வச்சாச்சு. கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டிருக்காரு அப்பா. ஏன்னு கேட்டேன்.

"யானைக்கால் சரியா வரலையே"ன்னாரு.